வளவைத் தாண்டும் அலை

பொங்கலுக்குக் காரைக்குடிப் பக்கம் ஒரு நண்பர் வீட்டுக்குப் போயிருந்தேன். செட்டிநாட்டுப் பெரிய வீடு. முகப்பு ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். நடுவே வளவு, இரண்டாங்கட்டு, அதற்கும் பின்னால் சமையற்கட்டு. ஃபைபர் கம்பி முகப்பு வழியாக உள்ளே வருகிறது. ரூட்டரையும் அங்கேயே ஒரு மூலையில் ஆணியடித்து மாட்டிவிட்டுப் போயிருந்தார்கள். நண்பரின் தாயாருக்கு எண்பது வயது தாண்டிவிட்டது. சிங்கப்பூரில் இருக்கும் பேத்தியின் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டுமென்றால், அடுப்பை அணைத்துவிட்டு முகப்பு வரை நடந்து வர வேண்டும். “இங்கன நெட்டே எடுக்க மாட்டேங்குது தம்பி” என்றார் ஆச்சி.

சிக்னலை அளக்கும் செயலியைச் செல்பேசியில் திறந்துகொண்டு வீடு முழுக்க நடந்தேன். முகப்பில் மைனஸ் 40. வளவில் மைனஸ் 65. இரண்டாங்கட்டுச் சுவரைத் தாண்டியதும் மைனஸ் 78. அடுப்படியில் மைனஸ் 88 என்று காட்டி, அதுவும் அறுந்துபோனது.

இந்த எண்களைப் படிக்கத் தெரிந்துகொண்டால் வீடே வேறு மாதிரி தெரியும். எண் 10 இறங்கினால், வந்து சேரும் ஆற்றல் பத்தில் ஒரு பங்காகிவிட்டது என்று பொருள். வீட்டு ரூட்டர் காற்றில் விடும் ஆற்றல் சுமார் 0.1 வாட். இரவு விளக்காக எரியும் அரை வாட் எல்.இ.டி. பல்பைவிடக் குறைவு. மைனஸ் 70 காட்டும் இடத்தில் செல்பேசியின் காதில் விழுவது அதிலும் நூறு கோடியில் ஒரு பங்குதான். அந்தத் துளியைப் பிடித்துத்தான் அது பேத்தியின் முகத்தை வரைகிறது. எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

மீதியெல்லாம் எங்கே போகிறது? தூரம் இரட்டிப்பானால் ஆற்றல் கால் பங்காகும். ஆனால் வீட்டுக்குள் பெரிய எதிரி சுவர்தான். வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை சுமார் 12 சென்டிமீட்டர் நீளம். 5 கிகாஹெர்ட்ஸ் அலை அதில் பாதிதான். நீளம் குறைந்த அலை வேகமாகத் தரவைச் சுமக்கும், ஆனால் சுவரைக் கண்டால் சீக்கிரம் சோர்ந்துவிடும். கெட்டியான ஒரு கான்கிரீட் சுவர் அதில் பத்துக்கு ஒன்பது பங்கை விழுங்கிவிடும். இரண்டு சுவர் தாண்டினால் நூறில் ஒன்று, மூன்று தாண்டினால் ஆயிரத்தில் ஒன்று. சுவரைச் சாய்வாகத் துளைத்துப் போகும் அலைக்கு அதே சுவர் இன்னும் தடிமன். இரும்பு பீரோவும், கூடத்தில் மாட்டிய பெரிய நிலைக்கண்ணாடியின் பின்பூச்சும் அலையைத் திருப்பி அடிக்கும்.

திருப்பி அடிக்கும் அந்த எதிரொலியில் ஒரு கதை இருக்கிறது. ஒரே செய்தி நேராக ஒரு முறையும், சுவரில் பட்டு இரண்டாம் முறையும், கண்ணாடியில் பட்டு மூன்றாம் முறையும் வந்து சேர்ந்தால் எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். கோயில் மண்டபத்தில் வேகமாகப் பேசினால் ஒன்றும் புரியாதே, அதே சிக்கல். ஜான் ஓ'சல்லிவன் என்ற ஆஸ்திரேலியப் பொறியாளர் 1970களில், ஆவியாகி வெடிக்கும் குட்டிக் கருந்துளைகளிலிருந்து ரேடியோ அலை வருகிறதா என்று வானத்தைத் துழாவிக்கொண்டிருந்தார். கருந்துளைகள் ஆவியாகும் என்று ஸ்டீஃபன் ஹாக்கிங் 1974இல் கணித்திருந்தார். தேடியது கிடைக்கவில்லை. ஆனால் கலங்கிப்போன சிக்னலைக் கணக்குப் போட்டுத் தெளிவாக்கும் பழக்கம் கைவந்தது. 1990களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலிய அரசின் அறிவியல் ஆய்வு நிறுவனமான சிஎஸ்ஐஆர்ஓவில் அவரும் சகாக்களும் அதே கணிதத்தை அறைக்குள் அலையும் எதிரொலிகள்மேல் செலுத்தினார்கள். ஒருவர் வேகமாகப் பேசுவதற்குப் பதில் பலர் வெவ்வேறு சுருதியில் மெதுவாகப் பேசினால் எதிரொலி கெடுக்காது. தரவையும் அப்படிப் பல மெல்லிய இழைகளாகப் பிரித்து அனுப்பலாம். 1996இல் அவர்களுக்கு அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. ஆச்சியின் வளவில் சுவருக்குச் சுவர் மோதும் அலை இன்று புரியும்படி வந்து சேர்வதில் கருந்துளையைத் தேடிய அந்த உழைப்பும் கலந்திருக்கிறது.

நண்பர் சும்மா இருந்துவிடவில்லை. சிக்னலை வாங்கித் திரும்ப அனுப்பும் ரிப்பீட்டர் ஒன்று வாங்கி, நெட் எடுக்காத அடுப்படியிலேயே செருகியிருந்தார். செல்பேசியில் புள்ளிகள் முழுதாக நின்றன, படம் மட்டும் நகரவில்லை. புள்ளிகள் காட்டியது பக்கத்திலிருக்கும் ரிப்பீட்டரின் குரலை. அந்த ரிப்பீட்டருக்கோ முகப்பின் குரல் கேட்கவே இல்லை. போதாக்குறைக்கு ஒரே ரேடியோவில் கேட்பதும் சொல்வதும் மாறி மாறி நடப்பதால் வேகம் பாதியாகக் குறையும். “சக்தி வாய்ந்த ஒற்றை ரூட்டர்” என்ற விளம்பரத்திலும் எனக்கு நம்பிக்கை இல்லை. ரூட்டர் எவ்வளவு உரக்கக் கத்தினாலும், செல்பேசியின் மெல்லிய பதில் அதே சுவர்களைத் தாண்டித் திரும்ப வேண்டுமே!

இவற்றுக்கு மாற்று மெஷ். அது இரண்டு மூன்று பெட்டிகள் ஒரே பெயரில், ஒரே குடும்பமாக வேலை செய்யும் ஏற்பாடு. நாம் நடக்க நடக்க, செல்பேசி அருகிலுள்ள பெட்டிக்கு மாறிக்கொள்ளப் பெட்டிகள் வழிகாட்டும். ட்ரைபேண்ட் வகையில், பெட்டிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ள மூன்றாவதாக ஓர் அலைவரிசையை ஒதுக்க முடியும். அதைவிட மேல், பெட்டிகளைக் கேபிளால் இணைப்பது. சாதாரண ஈதர்நெட் கேபிள் 100 மீட்டர் வரை தாங்கும். செட்டிநாட்டு வீடும் அதற்குள் அடங்கிவிடும்.

அந்த வீட்டைக் கட்டியவர்கள் நமக்கு ஒரு வசதி செய்து வைத்திருந்தார்கள். முகப்பு வாசலில் நின்றால் கதவுகளெல்லாம் ஒரே கோட்டில் அமைந்து பின்வாசல் தெரியும். கல்லும் சுண்ணாம்புமான சுவரோடு ஒப்பிட்டால் திறந்த கதவு அலைக்கு ராஜபாட்டை. மூலையில் தொங்கிய ரூட்டரைக் கழற்றி அந்தக் கோட்டுக்குக் கொண்டுவந்தோம். செலவே இல்லாமல் இரண்டாங்கட்டில் எண் மைனஸ் 78இலிருந்து மைனஸ் 70க்கு வந்தது. பிறகு இரண்டு பெட்டி மெஷ் ஒன்று வாங்கினோம். இரண்டாவது பெட்டி இரண்டாங்கட்டுத் தாழ்வாரத்தில். தேக்கு உத்தரத்தின் ஓரமாகக் கேபிள் ஓடியது, ஒரு சுவரையும் துளைக்கவில்லை. அடுப்படியில் இப்போது மைனஸ் 60.

பெரிய வீட்டுக்கு வாங்கப்போகிறவர்கள் அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் சதுர அடியைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். மரச்சட்டமும் ஜிப்சம் பலகையுமான வீட்டுக்கும் நம் செங்கல் சுவருக்கும் ஒரே கணக்குச் செல்லாது. முதலில் செல்பேசியோடு வீட்டைச் சுற்றி வாருங்கள், எத்தனை சுவர் என்று எண்ணுங்கள். ரூட்டரை நடுவுக்கு நகர்த்திப் பாருங்கள். அதற்கும் போதாவிட்டால் மெஷ் வாங்குங்கள், கேபிள் இழுக்க வழியிருந்தால் தயங்காமல் இழுங்கள். இரண்டாவது பெட்டியைச் சிக்னல் செத்த அறையில் வைக்காமல், இன்னும் நன்றாக எடுக்கும் கடைசி இடத்தில் வையுங்கள்.