இலண்டனில் ஓர் இசை நாடக மாலை

விடுமுறைக்கு இலண்டன் செல்லும் குடும்பங்கள் இசை நாடகம் காண விழைவதுண்டு. சுத்தானந்த பாரதியார் ‘ஏழைபடும் பாடு’ எனத் தமிழாக்கிய விக்தர் ஹியூகோவின் புதினம், அங்கு 1985 அக்டோபரில் ஆங்கில இசை நாடகமாக மேடையேறியது. விமர்சகர் பலர் இகழ்ந்தனர், மக்களோ திரண்டனர். சீட்டு விலைதான் மலைக்க வைக்கும். லெஸ்டர் சதுக்கச் சாவடியில் தள்ளுபடிச் சீட்டுகள் கிடைக்கும். தூண் மறைக்கும் இருக்கைகளும் மலிவே. நான் அறிந்த தந்தையொருவர், மனைவிக்கும் மகளுக்கும் மட்டும் சீட்டு வாங்கித் தந்து, தாம் ஏறக்குறைய மூன்று மணி நேரம் வெளியே குளிரில் உலவினார். (இதனைக் கஞ்சத்தனம் என்பாரும் உளர்; நான் சொல்லேன்.) திரும்பும்போது சுரங்க இரயிலில் மகள், திருடியவனுக்கே ஆயர் தம் வெள்ளி மெழுகுதிரித் தாங்கிகளையும் ஈந்த காட்சியைத் தந்தைக்கு நடித்துக் காட்டினாளாம், இறங்கவேண்டிய நிலையத்தை மூவரும் தவறவிட்டனர்.