டிராக்டர் பாட்டரி அடிக்கடி இறங்குவது ஏன்?

வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது, நாற்றங்கால் தயார், நடவுக்கு ஆட்களும் சொல்லியாகிவிட்டது. அதிகாலையில் சேற்றுழவுக்காகச் சாவியைத் திருப்பினால், 'டக்' என்ற ஒலி மட்டும் கேட்கிறது, டிராக்டர் கிளம்பவில்லை. அவசரத்தில் டவுனுக்குச் சென்று புதுப் பாட்டரி வாங்கிப் பூட்டுகிறோம். சில மாதங்களில் அதுவும் இறங்கிவிடுகிறது. காரணம், கோளாறு பழைய பாட்டரியில் இல்லாமல் வேறிடத்தில் இருந்ததுதான். எனவே பணம் செலவழிக்கும் முன் கோளாறு எங்கே உள்ளது என்று கண்டறிவது அவசியம்.

பாட்டரியைக் கிணற்றடித் தொட்டிக்கு ஒப்பிடலாம். தொட்டி காலியாவதற்குக் காரணங்கள் மூன்று: தொட்டியே விரிசல் கண்டிருக்கலாம், மோட்டார் போதிய நீரை இறைக்காமல் இருக்கலாம், குழாய் எங்கோ கசியலாம். பாட்டரி இறங்குவதற்கும் காரணங்கள் இவையே. பாட்டரி மின்சாரத்தைத் தாங்காமை, சார்ஜ் ஏறாமை, மின்கசிவு ஆகிய மூன்றையும் ஒவ்வொன்றாகச் சோதித்தல் வேண்டும். இதற்கு ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டரும் ஒரு ஹைட்ரோமீட்டரும் போதும்.

முன்னெச்சரிக்கை

சார்ஜ் ஏறும்போது பாட்டரியிலிருந்து தீப்பற்றக்கூடிய ஹைட்ரஜன் வாயு வெளிவரும். ஆகவே அருகில் பீடி, தீக்குச்சி கூடாது. உள்ளிருக்கும் கந்தக அமிலம் கண்ணிலோ தோலிலோ பட்டால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். கண்ணில் பட்டால் கழுவியபின் மருத்துவரிடம் செல்ல வேண்டும். வேலைக்கு முன் மோதிரம், காப்பு முதலியவற்றைக் கழற்றிவிடவும். பாட்டரியைக் கழற்றும்போது எர்த் கம்பியை முதலிலும், பூட்டும்போது அதையே கடைசியிலும் கவனிக்கவும்.

முதலில் வெளிப்புறம்

முனைகளில் வெண்மையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் மின்சாரம் தடைப்படும். பாட்டரி நன்றாக இருந்தும் ஸ்டார்ட்டர் சோம்பலாகச் சுற்றும். மேல்மூடியில் அமில ஈரமும் தூசியும் படிந்திருந்தால் அதன் வழியாகவே சிறிது சிறிதாக மின்சாரம் கசியும். மூடிகளை இறுக்கியபின் சமையல் சோடா கரைத்த நீரால் துடைத்து, நல்ல நீரால் கழுவி உலர்த்தவும். கவ்விகளை உரசிச் சுத்தம் செய்து இறுக்கி, வாஸ்லின் தடவவும்.

1. பாட்டரி தாங்குகிறதா?

பாட்டரியைத் தனியாக முழு சார்ஜ் ஏற்றி, கம்பிகளைப் பூட்டாமல் ஓர் இரவு வைத்திருந்து, மறுநாள் அளக்கவும். 12 வோல்ட் பாட்டரியில் 12.5 முதல் 12.7 வோல்ட் வரை இருந்தால் சார்ஜ் நிறைவாக உள்ளது. 12.2 வோல்ட் என்றால் ஏறக்குறைய பாதி. 12 வோல்ட்டுக்குக் கீழே என்றால் பெரும்பாலும் இறங்கிவிட்டது எனக் கொள்ளலாம். எதிலும் பூட்டாமலே ஓர் இரவில் இறங்கினால் குறை பாட்டரியில்தான்.

மூடி திறக்கக்கூடிய பாட்டரியில் ஆறு செல்களின் திரவ அடர்த்தியையும் ஹைட்ரோமீட்டரால் பார்க்கவும். ஐந்து செல்களில் 1.240 காட்டி, ஒன்றில் மட்டும் 1.180 காட்டினால் அந்தச் செல் பழுதடைந்துள்ளது. ஒரு செல் கெட்டாலும் பாட்டரி முழுவதும் பயனற்றதாகும். தண்ணீர் ஊற்றிய உடனே இச்சோதனையைச் செய்யக் கூடாது.

அடுத்து, டீசல் நிறுத்தும் கைப்பிடியை இழுத்துப் பிடித்துக்கொண்டு, ஸ்டார்ட்டரைச் சில விநாடிகள் மட்டும் சுற்றவிட்டு வோல்ட்டைப் பார்க்கவும். நிறைவான சார்ஜ் இருந்தும் 9.5 வோல்ட்டுக்குக் கீழே சரிந்தால் பாட்டரியோ ஸ்டார்ட்டரோ பழுது. பாட்டரிக் கடையில் லோடு சோதனை செய்து உறுதிப்படுத்திக்கொள்ளவும்.

2. சார்ஜ் ஏறுகிறதா?

என்ஜினை நடுத்தர வேகத்தில் ஓடவிட்டு, பாட்டரி முனைகளில் அளக்கவும். 13.8 முதல் 14.5 வோல்ட் வரை காட்ட வேண்டும். என்ஜின் நின்றபோது காட்டிய அளவே ஓடும்போதும் காட்டினால் சார்ஜ் ஏறவில்லை. முதலில் பெல்ட்டைப் பார்க்கவும். அதன் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் சுமார் அரை அங்குலம் தாழலாம். அதற்கு மேல் தொய்ந்தால் இறுக்க வேண்டும். பெல்ட் சரியாக இருந்தால் ஆல்டர்னேட்டர், ரெகுலேட்டர், இணைப்புக் கம்பிகள் ஆகியவற்றை எலக்ட்ரீஷியனிடம் காட்டவும்.

15 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் சார்ஜ் அளவுக்கு மீறி ஏறுகிறது. அப்போது எல்லாச் செல்களிலும் தண்ணீர் விரைவில் வற்றித் தகடுகள் கெடும். புதுப் பாட்டரியையும் இது கெடுத்துவிடும்.

3. மின்கசிவு உண்டா?

சாவியை எடுத்துவிட்டு, எல்லா விளக்குகளையும் அணைக்கவும். எர்த் கம்பியைக் கழற்றி, அந்தக் கம்பிக்கும் பாட்டரி முனைக்கும் இடையே மல்டிமீட்டரை 10 ஆம்பியர் நிலையில் இணைக்கவும். மீட்டர் இருக்கும்போது ஸ்டார்ட் செய்யக் கூடாது. செய்தால் மீட்டர் பழுதாகும். எளிய டிராக்டரில் மீட்டர் ஏறக்குறைய பூச்சியமே காட்ட வேண்டும். காரில் கடிகாரம், பூட்டு முதலியவற்றுக்காக 50 மில்லி ஆம்பியர் வரை செல்வது இயல்பு; கார் பூட்டி அரைமணி நேரம் கழித்துப் பார்க்கவும்.

அதிகம் காட்டினால் ஒவ்வொரு பியூஸாகக் கழற்றவும். எந்தப் பியூஸைக் கழற்றியதும் அளவு விழுகிறதோ, அந்த வழியில்தான் கசிவு. பின்னர் பொருத்திய பாட்டுப் பெட்டி, கூடுதல் விளக்கு, டிரெய்லர் இணைப்பு ஆகியவற்றை முதலில் சந்தேகிக்கவும். எந்தப் பியூஸுக்கும் விழாவிட்டால் ஆல்டர்னேட்டரின் டயோடு பழுதாயிருக்கலாம். இரவு முழுவதும் ஓடாத வண்டியில் காலையில் ஆல்டர்னேட்டர் வெதுவெதுப்பாக இருப்பது இதற்கு ஓர் அறிகுறி.

சிறிய கசிவுதானே என்று விடுவது தவறு. ஐந்து வாட் பல்பு ஒன்று எரிந்தால் சுமார் 0.4 ஆம்பியர் செல்லும். ஒரு நாளைக்கு ஏறத்தாழ 10 ஆம்பியர் மணி. 80 ஆம்பியர் மணிப் பாட்டரி எட்டு நாளில் காலியாகும். ஸ்டார்ட்டரைச் சுற்றும் வலிமையோ அதற்கு வெகு முன்பே போய்விடும்.

பராமரிப்பு

உழவு முடிந்து வண்டி சும்மா நிற்கும் மாதங்களில்தான் பாட்டரிகள் பெரிதும் கெடுகின்றன. சார்ஜ் இறங்கிய நிலையில் கிடந்தால் தகடுகளில் சல்பேட் இறுகிவிடும். பிறகு சார்ஜ் ஏற்காது. வண்டியை நீண்ட நாள் நிறுத்தும்போது எர்த் கம்பியைக் கழற்றி வைத்து, மாதம் ஒருமுறை சார்ஜ் ஏற்றவும். கம்பியைக் கழற்றியபின் நாலு நாளானாலும் இறங்காத பாட்டரி, பூட்டியதும் இறங்கினால், கசிவு வண்டியில் இருப்பது தெளிவு.

குறையும் திரவத்துக்குக் காய்ச்சி வடித்த நீர் மட்டுமே ஊற்ற வேண்டும். கிணற்று நீரின் உப்புகள் தகடுகளைக் கெடுக்கும். அமிலம் ஊற்றினால் சார்ஜ் ஏறிவிடும் என்று எண்ணுவதும் தவறு.

சோதனை அளவுகளைத் தேதியுடன் ஒரு நோட்டில் குறித்து வைத்தால் கடைக்காரரிடமும் எலக்ட்ரீஷியனிடமும் உறுதியாகப் பேசலாம். பாட்டரிதான் கெட்டது என்று தெரிந்தபின் புதியது வாங்குங்கள். உத்தரவாத அட்டையில் தேதி போட்டு வாங்கி, பழையதைக் கடையிலேயே ஒப்படையுங்கள். அணை திறக்கும் நாளுக்கு ஒரு மாதம் முன்பே இந்த மூன்று சோதனைகளையும் முடித்துவிட்டால், தண்ணீர் வரும் நாளில் வண்டி தாமதமின்றி வயலில் இறங்கும்.