ஸ்கேன் செய்த பிறகு

பார்கோடு 890 என்று தொடங்கினால் இந்தியப் பொருள், 690 என்றால் சீனப் பொருள் என்று ஒரு தகவல் பல ஆண்டுகளாக வாட்ஸ்அப்பில் சுற்றிவருகிறது. அதை நம்பிப் பொருளை வாங்குபவர்களும் வைத்துவிட்டு வருபவர்களும் உண்டு. 890 என்பதற்குப் பொருள், அந்த நிறுவனம் தன் எண்ணை இந்தியாவின் ஜிஎஸ்1 அமைப்பிடம் வாங்கியிருக்கிறது என்பது மட்டும்தான். பொருள் எங்கே தயாரானது என்பதை உறையில் உள்ள முகவரியில்தான் பார்க்க வேண்டும்.

கடைப் பொருட்களில் உள்ள 13 இலக்க பார்கோடில் விலையும் இல்லை, தரமும் இல்லை, காலாவதித் தேதியும் இல்லை. ஸ்கேன் செய்யும் ஆப் அந்த எண்ணைத் தன் பட்டியலில் தேடிப் பெயரையும் படத்தையும் காட்டுகிறது, அவ்வளவே. போலி தயாரிப்பவர் அசல் உறையை நகலெடுக்கும்போது கோடுகளும் கூடவே வந்துவிடும். ஆகவே திரையில் சரியான பெயர் வந்தாலும் கையில் இருப்பது அசல் என்று சொல்லிவிட முடியாது.

மருந்தில் நாம் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அதிகம் விற்கும் 300 மருந்து பிராண்டுகளுக்கு 2023 ஆகஸ்ட் 1 முதல் பார்கோடு அல்லது க்யூஆர் கோடு கட்டாயம். அதில் மருந்தின் பெயர், தயாரிப்பாளர், பேட்ச் எண், தயாரிப்புத் தேதி, காலாவதித் தேதி, உரிம எண் எல்லாம் வர வேண்டும். பெயர் வந்ததுமே பலர் ஆப்பை மூடிவிடுகிறார்கள். வேலையே அதற்குப் பிறகுதான் இருக்கிறது. அட்டையில் அச்சிட்ட பேட்ச் எண்ணையும் தேதிகளையும் திரையில் உள்ளவற்றோடு எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். ஒன்று மாறினாலும் மாத்திரையைச் சாப்பிட வேண்டாம். பில்லோடு மருந்து ஆய்வாளரிடம் புகார் கொடுங்கள். நான்கு மாத்திரையை வெட்டித் தரும்போது பேட்ச் எண் கடைக்காரரிடமே தங்கிவிடுகிறது. பில்லில் அதை எழுதித் தரச் சொல்லுங்கள். கேட்கத் தயங்க வேண்டாம்.

தங்க நகையில் ஹெச்யுஐடி என்ற ஆறு இலக்க அடையாளம் இருக்கும். அதை ‘பிஐஎஸ் கேர்’ ஆப்பில் தட்டினால் நகையின் வகை, தூய்மை, ஹால்மார்க் செய்த மையம் ஆகியவை தெரியும். கையில் சங்கிலி இருக்க, திரையில் மோதிரம் என்று வந்தால் பணம் கொடுக்காதீர்கள். வாங்கிய பிறகு தூய்மை குறைவு என்று பரிசோதனையில் தெரிந்தால், குறைந்த தூய்மைக்கான தொகையைப் போல் இரு மடங்கும் பரிசோதனைக் கட்டணமும் கேட்டுப் பெற உங்களுக்கு உரிமை உண்டு.

கூகுள் லென்ஸ் போன்ற படத்தேடல் ஆப்கள் தோற்றத்தை வைத்தே பொருத்துகின்றன. வெள்ளை வட்ட மாத்திரைகள் எத்தனையோ உண்டு. உண்ணத்தக்க காளானும் நச்சுக் காளானும் ஒன்றுபோலவே இருக்கக்கூடும். அந்தப் பதிலை நம்பி எதையும் வாயில் போடாதீர்கள். நீங்கள் எடுக்கும் படம் நிறுவனத்தின் சர்வருக்குப் போகிறது என்பதால் ஆதார், மருத்துவச் சீட்டு, வங்கிப் புத்தகம் இவற்றைப் படமெடுத்துத் தேடுவதும் வேண்டாம்.

ஆப்பே ஆபத்தாக மாறுவதும் உண்டு. ஒரு கோடிக்கும் மேல் பதிவிறக்கப்பட்டிருந்த ஓர் ஆண்ட்ராய்டு பார்கோடு ஆப், 2020 டிசம்பரில் வந்த அப்டேட்டுக்குப் பிறகு பிரவுசரைத் தானாகத் திறந்து விளம்பரங்களைக் காட்டத் தொடங்கியது. கூகுள் அதை ப்ளே ஸ்டோரிலிருந்து நீக்கிய பிறகும், ஏற்கெனவே ஏற்றியவர்களின் போனில் அது அப்படியே இருந்தது. அவரவர்தான் நீக்க வேண்டியிருந்தது. இன்று பெரும்பாலான போன்களின் கேமராவே க்யூஆர் கோடைப் படிக்கிறது. தனி ஆப் வேண்டுமென்றால் கேமரா அனுமதி மட்டும் போதும். எஸ்எம்எஸ், தொடர்புப் பட்டியல் கேட்டால் உடனே நீக்கிவிடுங்கள்.

பணம் வாங்குவதற்கு க்யூஆர் கோடை ஸ்கேன் செய்யவோ யுபிஐ பின் போடவோ தேவையே இல்லை. அப்படிச் செய்து பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள். பொருள் தொடர்பான புகாருக்கு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கே தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். நீங்கள் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. பில், உறை, ஸ்கேன் திரையின் ஸ்கிரீன்ஷாட் மூன்றையும் பத்திரமாக வைத்திருங்கள். புகார் கொடுக்க இரண்டு ஆண்டு அவகாசம் இருக்கிறது.