வீட்டுக் கழிவுத் தொட்டியும் நகராட்சியின் பொறுப்பும்

நகரத் துப்புரவு என்றதும் பாதாளச் சாக்கடைதான் நினைவுக்கு வருகிறது. ஆயினும் 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இந்திய நகரக் குடும்பங்களில் 32.7 விழுக்காட்டினரின் கழிப்பறைகளே சாக்கடைக் குழாயுடன் இணைந்திருந்தன, 38.2 விழுக்காட்டினர் செப்டிக் தொட்டியை நம்பியிருந்தனர். 2014இல் தொடங்கிய தூய்மை இந்தியா இயக்கம் கழிப்பறைகளைப் பெருக்கியது. அவற்றில் சேரும் கசடு எங்கே செல்கிறது என்பது அடுத்த வினாவாகும்.

செப்டிக் தொட்டியில் திண்மங்கள் அடியில் படிகின்றன. காற்றில்லாச் சூழலில் வாழும் நுண்ணுயிர்கள் அவற்றை ஓரளவே சிதைக்கின்றன. வெளியேறும் நீரில் நோய்க்கிருமிகள் எஞ்சியிருப்பதால், அது உறிஞ்சுகுழிக்குச் செல்ல வேண்டும். கசடு மிகுந்தால் நீர் தங்கும் நேரம் குறைந்து, திண்மங்களும் வெளியேறத் தொடங்கும். எனவே இரண்டு, மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை கசடகற்றுதல் இன்றியமையாதது. ஆனால் தொட்டி நிரம்பி வழியும்வரை குடியிருப்போருக்குக் குறை தெரிவதில்லை. தீங்கு முதலில் அண்டை வீட்டுக் கிணற்றையும் தெருக் கால்வாயையும் சேர்கிறது. தொட்டி தனியாருடையது, அதன் விளைவோ பொதுவானது. அரசு தலையிடுவதற்கு அடிப்படை இதுவே.

இதில் மனித உயிரும் அடங்கியுள்ளது. தக்க பாதுகாப்பின்றி எவரையும் தொட்டிக்குள் இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. இத்தடை வீட்டு உரிமையாளருக்கும் பொருந்தும். சாக்கடையிலும் தொட்டியிலும் இறந்தோர் குடும்பங்களுக்குப் பத்து லட்சம் ரூபாய் வழங்குமாறு 2014இல் ஆணையிட்ட உச்ச நீதிமன்றம், 2023இல் அத்தொகையை முப்பது லட்சமாக உயர்த்தியது.

2017இல் மைய அரசு மலக்கசடு மேலாண்மைக்கான தேசியக் கொள்கையை வெளியிட்டது. எனினும் பொதுச் சுகாதாரமும் துப்புரவும் மாநிலப் பட்டியலில் உள்ளவை. நடைமுறைப் பணி நகராட்சிகளின் தோளில்தான் விழுகிறது. மகாராஷ்டிரத்தின் வாயி நகராட்சி 2018 முதல், வீட்டாரின் அழைப்புக்குக் காத்திராமல், மூன்றாண்டு முறைவைத்துத் தொட்டிகளைத் தூய்மை செய்யும் திட்டத்தை மேற்கொண்டது. செலவுக்குத் துப்புரவு வரி துணை நின்றது; அள்ளிய கசடு சுத்திகரிப்பு நிலையத்தைச் சேர்ந்தது.

தொட்டிகளின் பதிவேடு, கட்டும்போதே ஆய்வு, முறையான கசடகற்றல், உரிமம் பெற்ற ஊர்திகள், சுத்திகரிப்பு நிலையம் ஆகிய ஐந்தும் ஒரே சங்கிலியின் கண்ணிகள். ஒன்று அறுந்தாலும் வீட்டைவிட்டு அகன்ற அசுத்தம் ஊரைவிட்டு அகலாது.