கடலடி வரைபடமும் கரையில் வாழும் நாமும்

2009 மே 8. போர் முடிவதற்குப் பத்து நாட்களே இருந்தன. முள்ளிவாய்க்காலில் மக்கள் பதுங்குகுழிகளுக்குள் கிடந்தார்கள். அன்றைய தினம் இலங்கை அரசு, வங்காள விரிகுடாவின் கடலடியில் தனது உரிமைப் பரப்பை விரிவாக்கக் கோரும் ஆவணத்தை ஐ.நா.வின் கண்டமேடை எல்லைகளுக்கான ஆணைக்குழுவிடம் கையளித்தது. அங்கே படிந்துள்ள வண்டலின் தடிப்பே அந்தக் கோரிக்கைக்கு அடிப்படை. நிலத்துக்காகச் சண்டை நடந்த நாட்களில், கடலடி மண்ணும் அளந்து கோரப்பட்டது.

இந்த அளவை எப்படி நடக்கிறது என்பது மட்டக்களப்புக் கரையில் வாழும் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

கப்பலின் அடியில் பொருத்திய சோனார் ஒலியைக் கீழே அனுப்புகிறது. கடல்நீரில் ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 1,500 மீற்றர் செல்லும். எதிரொலி 0.1 செக்கனில் திரும்பினால் ஆழம் 75 மீற்றர். மண்ணுக்குக் கீழுள்ள அடுக்குகளின் தடிப்பை அறிய, இன்னும் தாழ்ந்த, ஊடுருவும் ஒலியைப் பயன்படுத்துகிறார்கள்.

ஆழத்தை நேரம் சொல்கிறது. தரையின் தன்மையை எதிரொலியின் பலம் சொல்கிறது. பாறை ஒலியைப் பலமாகத் திருப்பும். சேறு பெரும்பகுதியை விழுங்கிவிடும். ஒரே மாதிரியான எதிரொலிகளைக் கணினி வகைவகையாகப் பிரித்து நிறம் தீட்டும்.

ஆனால் அந்த நிறம் எதைக் குறிக்கிறது என்பது கணினிக்குத் தெரியாது. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் ஹேர்மிஸ், மட்டக்களப்புக்கு அப்பால் 50 மீற்றருக்கும் கூடிய ஆழத்தில் கிடக்கிறது. அதன் இரும்பும் சரி, பாறையும் சரி, பலமான எதிரொலியையே தரும். எனவே கீழிருந்து மண்ணை அள்ளியோ கமராவை இறக்கியோ உறுதிப்படுத்த வேண்டும்.

வாவியில் சிக்கல் வேறு. பல்கற்றைச் சோனார் ஒரு ஓட்டத்தில் ஆழத்தைப்போல் மூன்று, நான்கு மடங்கு அகலத்தையே பார்க்கும். 2 மீற்றர் ஆழத்தில் அது 8 மீற்றரைத் தாண்டாது. 50 கிலோமீற்றருக்கும் மேல் நீண்ட வாவியை இப்படி அளந்து முடிப்பது பெரும் வேலை. அங்கே எது சேறு, எது மணல் என்பதைத் தோணிக் கம்பு ஊன்றுகிறவரின் கை அறியும். கடலில் வலை சிக்கும் முருகைக்கல் எங்கே என்பதும் மீனவருக்குத் தெரியும்.

மணல் எங்கே அள்ளலாம், இறங்குதுறை எங்கே வரலாம், எந்த இடத்தில் மீன்பிடியைத் தடுக்கலாம் என்பவற்றை முடிவுசெய்ய இத்தகைய வரைபடங்களையே விரிப்பார்கள். ஆகவே அளக்க வருபவர்கள் மீனவர் சங்கங்களையும் கூட்டிச் செல்லவேண்டும். முடிந்த வரைபடத்தைத் தமிழில் அவர்கள் கையில் கொடுக்கவேண்டும். இதை நாம் கேட்பது அளவை தொடங்கும் முன்பே நடக்கவேண்டும்.