இரண்டு மின்சாரக் கார்கள், ஒரே மீட்டர்: எந்த நேரம், எத்தனை யூனிட்?

இன்று நாம் பேச எடுத்துக்கொண்டிருப்பது, வீட்டில் இரண்டு மின்சாரக் கார்கள் வைத்திருக்கும் குடும்பத்தின் மின்கட்டணம். 2024 டிசம்பரில் புரோட்டோன் நிறுவனத்தின் இ.மாஸ் 7 விற்பனைக்கு வந்த பிறகு, மின்சாரக் கார் என்பது கோலாலம்பூர் பணக்காரர்களின் பேச்சு மட்டுமல்ல என்றாகிவிட்டது. மூவாரிலும் கணவருக்கு ஒன்று, மனைவிக்கு ஒன்று வாங்கலாமா என்று யோசிக்கும் குடும்பங்கள் உண்டு. அவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இரவில் சார்ஜ் செய்தால் பில் பாதியாகக் குறையுமா?

குறையும். ஆனால் பாதியாக அல்ல. அந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ளாவிட்டால் கைப்பணம் போய்விடும்.

நேரத்திற்கு ஏற்ற கட்டணம் என்றால் என்ன?

தீபகற்ப மலேசியாவில் 2025 ஜூலை 1 முதல் புதிய மின்கட்டண முறை நடப்பில் உள்ளது. வீட்டுப் பயனீட்டாளர்கள் விரும்பினால், தெனாகா நேஷனலிடம் விண்ணப்பித்து நேரவாரிக் கட்டணத்திற்கு மாறலாம். அதற்கு வீட்டில் ஸ்மார்ட் மீட்டர் இருக்க வேண்டும். திங்கள் முதல் வெள்ளி வரை பிற்பகல் 2 மணியிலிருந்து இரவு 10 மணி வரை உச்ச நேரம். மற்ற நேரமும், சனி ஞாயிறு முழுவதும் சலுகை நேரம். வாரத்தின் 168 மணி நேரத்தில் உச்ச நேரம் 40 மணிதான்.

மாதம் 1,500 யூனிட் வரை பயன்படுத்தும் வீட்டுக்கு எரிசக்திக் கட்டணம் உச்ச நேரத்தில் யூனிட்டுக்கு 28.52 சென், சலுகை நேரத்தில் 24.43 சென். இரண்டோடும் கொள்திறன் கட்டணம் 4.55 சென்னும் கம்பிவழிக் கட்டணம் 12.85 சென்னும் சேரும். ஆக, ஒரு யூனிட் 45.92 சென் அல்லது 41.83 சென். நேரவாரிக்கு மாறாத சாதாரண வீட்டுக்கு எந்நேரமும் 44.43 சென்.

பிரிட்டனில் மின்சாரக் கார்களுக்கென்றே உள்ள திட்டங்களில் இரவுக் கட்டணம் பகல் கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாக இருப்பதுண்டு. காரை எப்போது சார்ஜ் செய்வது என்பதை மின் நிறுவனமே முடிவு செய்யும் திட்டங்களும் அங்கே உள்ளன. அந்த நாட்டுக் காணொளிகளைப் பார்த்துவிட்டு நாமும் அதே லாபத்தை எதிர்பார்க்கக்கூடாது. நமக்குள்ள வித்தியாசம் யூனிட்டுக்கு நான்கு சென் மட்டுமே.

ஒரு குடும்பத்தின் கணக்கு

மூவாரில் வசிக்கும் ஒரு தம்பதியரை எடுத்துக்கொள்வோம். கணவர் தினமும் மலாக்காவுக்கு வேலைக்குப் போய்வருகிறார். போக வர ஏறக்குறைய 90 கிலோமீட்டர். மனைவி புக்கிட் பாசிரில் ஒரு தளவாடத் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். இரு கார்களும் சேர்ந்து மாதம் 3,000 கிலோமீட்டர் ஓடுகின்றன என்று வைத்துக்கொண்டால், சார்ஜ் செய்யும்போது வீணாவதையும் சேர்த்து ஏறக்குறைய 500 யூனிட் தேவைப்படும்.

சலுகை நேரத்தில் அதற்கு ஆகும் செலவு சுமார் 209 வெள்ளி. அதே தூரத்திற்குப் பெட்ரோல் காரில் 200 லிட்டர் வேண்டும். 2025 செப்டம்பரில் புடி95 திட்டத்தின்கீழ் அறிவிக்கப்பட்ட 1.99 வெள்ளி விலையில் அது 398 வெள்ளி. மிச்சம் ஏறத்தாழ 190 வெள்ளி.

இதில் நேரவாரிக் கட்டணத்தால் மட்டும் கிடைப்பது எவ்வளவு? சாதாரணக் கட்டணத்தோடு ஒப்பிட்டால் 500 யூனிட்டுக்கு 13 வெள்ளிதான். வேண்டாம் என்று விடக்கூடிய தொகை அல்ல. ஆனால் அதுவே எல்லாம் என்று நினைக்கவும் கூடாது.

1,500 என்ற கோடு

பெரிய ஆபத்து வேறோர் இடத்தில் இருக்கிறது. மாதப் பயன்பாடு 1,500 யூனிட்டைத் தாண்டினால் எரிசக்திக் கட்டணம் யூனிட்டுக்கு 10 சென் கூடுகிறது. தாண்டிய யூனிட்டுகளுக்கு மட்டுமல்ல, முதல் யூனிட்டிலிருந்தே அந்தக் கூடுதல் கட்டணம். 1,500ல் நின்ற வீடு 1,501க்குப் போனால் பில் ஒரேயடியாக 150 வெள்ளி ஏறுகிறது. பெட்ரோலில் மிச்சம் பிடித்த 190 வெள்ளியில் பெரும்பகுதி அங்கேயே கரைந்துவிடும்.

மூன்று ஏர்கோன் ஓடும் கூட்டுக் குடும்பத்தில் மாதம் 1,050 யூனிட் செலவாகிறது என்றால், கார்களின் 500 சேர்ந்ததும் கோடு தாண்டிவிடும். 600 யூனிட்டே செலவாகும் வீட்டுக்கு அந்தப் பயமில்லை. ஆனால் அங்கும் 600 யூனிட்டைக் கடந்தால் 10 வெள்ளி சில்லறைக் கட்டணமும், மாதந்தோறும் மாறும் எரிபொருள் சரிக்கட்டலும் சேரும். 1,000ஐக் கடந்தால் சிக்கன ஊக்கத்தொகை கிடைக்காது. எனவே கார் வாங்குமுன் பழைய பில்களை எடுத்துப் பாருங்கள். வாங்கிய பிறகு மைதிஎன்பி செயலியில் பயன்பாட்டைக் கவனித்து வாருங்கள். மாதக் கடைசியில் இருபது, முப்பது யூனிட் மிஞ்சும் போலிருந்தால், அதை மட்டும் பொது நிலையத்தில் சார்ஜ் செய்துகொள்ளலாம். அங்கே யூனிட்டுக்கு ஒரு வெள்ளிக்கு மேல் கொடுத்தாலும் அந்த மாதம் நமக்கு லாபமே.

இரண்டையும் ஒன்றாகச் சொருகலாமா?

கூடாது. 7 கிலோவாட் சார்ஜர் ஒன்று 32 ஆம்பியர் இழுக்கும். இரண்டும் ஓடினால் 64 ஆம்பியர். வரிசை வீடுகளில் பெரும்பாலும் உள்ள ஒற்றை ஃபேஸ் இணைப்பு, ஏர்கோனும் சுடுநீர்க் கருவியும் ஓடும் வேளையில் அதைத் தாங்காது. அதற்காக மூன்று ஃபேஸ் இணைப்புக்கு உடனே செலவு செய்ய வேண்டும் என்பதும் இல்லை. நம் தம்பதியருக்கு இரு காருக்கும் சேர்த்து ஓர் இரவுக்கு இருபது யூனிட் சொச்சம் போதும். ஒரே சார்ஜருக்கு அது நான்கு மணி நேர வேலைகூட இல்லை. ஒரு காரை ஒரு நாளும் மற்றதை மறுநாளும் சார்ஜ் செய்யலாம். அல்லது சார்ஜர் இரண்டு இருந்தால், காரில் உள்ள நேரக் கட்டுப்பாட்டில் ஒன்றை நள்ளிரவுக்கும் மற்றதை மூன்று மணிக்கும் வைத்துவிடலாம்.

சார்ஜருக்குத் தனி வயரும், மின்கசிவைத் துண்டிக்கும் கருவியும் அவசியம். எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்றவர்களைக் கொண்டே வேலையைச் செய்யுங்கள். நீட்டிப்பு வயர் வேண்டவே வேண்டாம். ரசீதைப் பத்திரப்படுத்துங்கள், சார்ஜர் பொருத்தும் செலவுக்கு 2027 மதிப்பீட்டு ஆண்டு வரை 2,500 வெள்ளி வரையில் வருமான வரிக் கழிவு உண்டு.

நேயர்களே, இரவு பத்து மணிக்கு மேல் சார்ஜ் செய்வது நல்ல பழக்கம். ஆனால் அது தருவது பத்து, இருபது வெள்ளி. மாதம் முழுவதும் 1,500க்குள் நிற்பது தருவது நூற்றைம்பது வெள்ளி. இரண்டு கார் வாங்கப்போகும் குடும்பத்தில் கணவனும் மனைவியும் கார் கடைக்குப் போகுமுன் ஒன்றாக உட்கார்ந்து, கடந்த ஆறு மாத பில்லைக் கூட்டிப் பாருங்கள்.