காருகுறிச்சியாருக்கு ஏன் ஃப்ளாக்?

கோவில்பட்டியில் வாழ்ந்து 1964இல் மறைந்த காருகுறிச்சி அருணாசலத்தின் நாகஸ்வர சிடிகளைக் வீட்டு சர்வரில் ஏற்றுவதென்றால் எம்பி3 வேண்டாம், ஃப்ளாக் (FLAC) என்னும் இழப்பில்லா ஒலிக்கோப்பு வடிவம்தான் சரி. சிடி நொடிக்கு 44,100 முறை ஒலியலையை அளந்து, ஒவ்வோர் அளவையும் 16 பிட்டில் எழுதுகிறது. காது கவனிக்காது என்று கணித்ததை எம்பி3 தூக்கியெறிகிறது, எறிந்தது திரும்பாது. ஃப்ளாக்கோ அடுத்த அளவை முந்தியவற்றிலிருந்து ஊகித்து, ஊகம் பிசகிய வித்தியாசத்தை மட்டும் குறித்துக்கொள்கிறது. விரித்தால் ஒரு பிட்கூடக் குறையாது. பழைய மோனோ பதிவு, அதுவும் இரைச்சலோடு. அதற்கு இத்தனை இடமா என்பார்கள். இரைச்சலை ஊகிக்க முடியாததால் கோப்பு பெரிதாகும்தான். ஆனால் இடவலத் தடங்கள் அச்சாக ஒன்றாயிருந்தால் ஒன்றை எழுதினாலே போதும். ஒரு டெராபைட் வன்தட்டில் சுருக்காத சிடிகளே ஆயிரத்துக்கு மேல் அடங்கும். தட்டு பழுதானால் எல்லாம் போகுமே என்பதுதான் நியாயமான பயம். அதற்கு இன்னொரு தட்டில் நகலெடுத்து வேறு வீட்டில் வைக்கவேண்டும்.